நனைந்த தானியம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற வாரம் மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படி இறங்குகையில், நம்மவர் ஒருவருடைய மகன் என்னை நிறுத்தினார். நல்ல பிள்ளை, படித்த பிள்ளை. கைப்பேசியை என் முன்னே நீட்டி, "மாமா, இந்தக் கம்பெனி ஷரீஅத் பட்டியலில் இருக்கிறது. ஹலால் என்று கமிஷனே சொல்லிவிட்டது. இனிக் கண்ணை மூடிக்கொண்டு பங்கு வாங்கலாம்தானே?" என்று கேட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு என்ற அந்தச் சொல்தான் என் நெஞ்சில் தைத்தது. மூடை அரிசி வாங்கினாலும் குத்தூசி போட்டுப் பார்க்கிற கூட்டம் நாம். கைலிக் கட்டைப் பிரித்து, விரலால் நூலைத் தேய்த்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறவர்கள். பங்கு என்றவுடன் மட்டும் கண் ஏன் மூடிக்கொள்கிறது?

நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதி, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தவன். மார்க்கச் சட்டத்தை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கைப் பற்றி ஒரு கடைக்காரன் சொல்லக்கூடியதை மட்டும் இங்கே சொல்லுகிறேன்.

அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதை முதலில் பார்ப்போம். நம் நாட்டுச் செக்யூரிட்டீஸ் கமிஷன் 1993 மார்ச்சு முதல் தேதி ஏற்பட்டது. அதன் ஷரீஅத் ஆலோசனை மன்றம் 1996-இல் அமைந்து, 1997-இல் முதற் பட்டியலை வெளியிட்டது. இன்று ஆண்டுதோறும் மே மாதமும் நவம்பர் மாதமும் பட்டியல் புதுப்பிக்கப்படுகிறது. மது, சூது, பன்றியிறைச்சி, வட்டித் தொழில் போன்றவற்றிலிருந்து வரும் வருமானம் நூற்றுக்கு 5-ஐ எட்டக்கூடாது. வேறு சில இனங்களுக்கு 20 வரை இடமுண்டு. 2013 நவம்பரிலிருந்து இன்னொரு அளவுகோலும் சேர்ந்தது. கம்பெனியின் வட்டிக் கடன் அதன் மொத்தச் சொத்தில் நூற்றுக்கு 33-க்குள் இருக்கவேண்டும். வட்டி வங்கியில் கிடக்கும் ரொக்கமும் அப்படியே.

இந்த எண்களையெல்லாம் மன்றம் எங்கிருந்து எடுக்கிறது? கம்பெனி வெளியிடும், ஆடிட்டர் கையொப்பமிட்ட ஆண்டுக் கணக்கிலிருந்துதான். இங்கேதான் நாம் நிற்கவேண்டும்.

ஒரு கம்பெனிக்கு வட்டிக் கடன் 40, சொத்து 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 40 ஆகிறது, பட்டியலில் இடமில்லை. அதே கம்பெனி வராத பாக்கியை வரும் என்றும், இல்லாத சரக்கை இருக்கிறது என்றும் எழுதிச் சொத்தை 135 ஆக்கிக் காட்டினால், விகிதம் 30-க்கும் கீழே இறங்கிவிடும். கடனில் ஒரு காசும் குறையவில்லை. ஆனாலும் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது! பொய் எழுதிய பேனா, ஹராத்தை ஹலாலாகக் காட்டிவிட்டது. மன்றத்திலுள்ள ஆலிம்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்கள் முன்னே வைக்கப்பட்ட சாட்சியத்தின்மேல் தீர்ப்புச் சொன்னார்கள். சாட்சியம் பொய்.

இப்படியும் நடக்குமா என்று கேட்பீர்கள். பட்டியலை விடுங்கள், கணக்கை மட்டும் பாருங்கள். விமானத்தில் சரக்கு ஏற்றிச் செல்லும் டிரான்ஸ்மைல் என்ற கம்பெனியை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பெரிய பெரிய தனவந்தர்களும் நிதியங்களும் பங்கு வைத்திருந்த கம்பெனி; ஒரு பங்கு பத்து வெள்ளிக்கு மேல் விற்றது. 2007-ஆம் ஆண்டு ஆடிட்டர்கள் வரவேண்டிய பாக்கிகளுக்கு ஆதாரச் சீட்டுக் கேட்டார்கள். சீட்டு வரவில்லை. தனித் தணிக்கை வைத்துப் பார்த்ததில், 2005, 2006 ஆகிய இரண்டாண்டு வருமானத்தில் மட்டும் 50 கோடி வெள்ளிக்கு மேல் கூட்டி எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. லாபம் என்று அறிவித்த இரண்டு ஆண்டுகளும் நஷ்ட ஆண்டுகளாக மாறின. பங்கின் விலை சரிந்தது. 2011-இல் சந்தையிலிருந்தே கம்பெனி நீக்கப்பட்டது. கணக்கை மேற்பார்க்கும் குழுவில் அமர்ந்திருந்த வெளி டைரக்டர்கள்மீதும் கமிஷன் 2007-லேயே வழக்குத் தொடுத்தது. நான் கணக்கு எழுதவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றால் சட்டம் விடாது.

தாயகத்துச் செய்தியும் ஒன்று உண்டு. ஹைதராபாத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி, பெயரோ சத்யம்! 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்: வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. நம் கடைப் பையனைக் கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் எண்ணிப் பார்த்துத்தான் சொல்லுவான். அங்கே அத்தனை ஆண்டுகள் எண்ணிப் பார்க்க ஆள் இல்லை.

நிற்க, நம் மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது? திருக்குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்து எது தெரியுமா? சூரத்துல் பகராவின் 282-ஆம் ஆயத்து. அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடன் கணக்கை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுகிறவர் நீதியோடு எழுதவேண்டும், சிறிய தொகை என்று சலித்துவிடக்கூடாது, சாட்சிகள் அழைத்தால் வரவேண்டும் என்றெல்லாம் விவரமாக வந்திருக்கிறது. கைக்குக் கை மாறும் ரொக்க வியாபாரத்தை எழுதாமல் விட்டாலும் குற்றமில்லை என்ற சலுகையும் அதிலேயே உண்டு. ரொக்கத்தில் இருவரும் பொருளைப் பார்க்கிறார்கள். ஒருவன் பணம் மற்றவன் கையில் காலம் தாழ்ந்து நிற்கும்போதுதான் எழுத்து வேண்டியிருக்கிறது. கம்பெனிப் பங்கு என்பது என்ன? முகமே பார்த்திராத ஆயிரம் பேருடைய பணம் யாரோ சிலர் கையில் நிற்பதுதானே!

அதே ஆயத்தில், எழுதுகிறவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக்கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஆடிட்டருக்குக் கூலி கொடுப்பவர் யார்? அவர் எவருடைய கணக்கைப் பார்க்கிறாரோ அவரே. உண்மையை எழுதினால் அடுத்த ஆண்டு வேலை போய்விடுமோ என்ற பயம் சாட்சிக்கு வரும்தானே? ஆகவேதான் ஆடிட்டர்களையே மேற்பார்க்க 2010 ஏப்ரல் முதல் தேதி செக்யூரிட்டீஸ் கமிஷனின் கீழ் தணிக்கை மேற்பார்வை வாரியம் அமைந்தது. பொதுமக்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளின் கணக்கைப் பார்க்க அதனிடம் பதிவு செய்திருக்கவேண்டும். அது வந்து ஆடிட்டரின் ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும். தவறினால் அபராதம் போடும், பதிவை நீக்கும். கண்டதைச் சொல்லாமல் இருப்பதும் குற்றமே. 2019 ஜனவரியில், பண்டார் மலேசியா என்ற கம்பெனியின் 240 கோடி வெள்ளி சுக்கூக் விவகாரத்தில், ஒழுங்கீனத்தை உடனே தெரிவிக்கவில்லை என்று டெலாய்ட் என்ற பெரிய தணிக்கை நிறுவனத்துக்குக் கமிஷன் 22 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. அந்தப் பத்திரத்தின் பெயர் சுக்கூக் முராபஹா. பெயரில் அரபி இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மதீனாச் சந்தையில் நாயகம் (ஸல்) அவர்கள் நடந்துகொண்டதை நீங்கள் அறிவீர்கள். தானியக் குவியல் ஒன்றினுள்ளே கையை விட்டார்கள். விரலில் ஈரம் பட்டது. வியாபாரியைக் கேட்டதற்கு, மழையில் நனைந்தது என்றார். நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். இதில் ஒரு நுட்பத்தைப் பாருங்கள். நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. அதை மேலே வை, பார்த்து வாங்குகிறவன் வாங்கட்டும் என்பதுதான் தாத்பரியம். 1996-லிருந்து செக்யூரிட்டீஸ் கமிஷனும் படிப்படியாக இந்த வழிக்கே வந்தது. அதற்கு முன்பு இந்தப் பங்கு நல்லதா, என்ன விலைக்கு விற்கலாம் என்று அதிகாரிகளே நிறுத்துப் பார்த்தார்கள். இப்போது அவர்கள் சொல்வது, உள்ளதை உள்ளபடி வெளியே வை என்பதே. நல்லது கெட்டது பார்ப்பது வாங்குகிறவன் பொறுப்பாகிவிட்டது. கண்ணை மூடிக்கொள்ள இதில் எங்கே இடம்?

இன்னும் இரண்டு தடைகள் நம் ஹதீஸ்களில் உண்டு. ஊருக்கு வெளியே போய்ச் சரக்குக் கூட்டத்தாரை வழிமறித்து, சந்தை விலை அவர்களுக்குத் தெரியுமுன் வாங்கிவிடக்கூடாது. வாங்கும் எண்ணமில்லாமல் விலையைக் கூட்டிக் கேட்டு மற்றவனை ஏற்றிவிடக்கூடாது; இதற்கு நஜ்ஷ் என்று பெயர். முன்னதை, உள்தகவல் வைத்துப் பங்கு வாங்குவது என்று இன்றைய சட்டம் தண்டிக்கிறது. பின்னதைப் போலி வாங்கலால் விலை ஏற்றுவது என்கிறது. 1993-இல் நம் சூலியா ஸ்திரீட் சாப்பாட்டுக் கடைகளில் தேநீரை விடப் பங்கு விலை சூடாக இருந்தது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். 1994 ஜனவரி 5-ஆம் தேதி குறியீடு 1,314-ஐத் தொட்டது. 1998 செப்டம்பர் முதல் தேதி 262-க்கு வந்து நின்றது. அதற்குக் காரணங்கள் பல. ஏற்றிவிட்டவர்களும் ஏறியவர்களும் நம் தெருவிலும் இருந்தார்கள் என்பதோடு விடுகிறேன்.

பெரிய கம்பெனிகளைப் பேசிவிட்டு நம் கடைகளை மறந்தால் நியாயமாகாது. என் வாப்பாவின் கடையும் ஒரு கூட்டு வியாபாரம்தான். ஊரில் மூன்று பேர் கைமுதல் போட்டார்கள். அதில் ஒருவர் விதவைத் தாய். இங்கே வாப்பாவும் இன்னொரு கூட்டாளியும் கடை பார்த்தார்கள். பேரேடு எழுதியது கூட்டாளி. அவர் மௌத்தாகிவிட்டார், அல்லாஹ் மன்னிப்பானாக. ஆண்டு முடிவில் விற்காத கைலிகளை எல்லாம் விற்பனை விலையில் மதிப்பிடுவார். மேடானுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பாக்கியையும் வரவேண்டியது என்றே எழுதிவருவார். ஆண்டுதோறும் ஊருக்கு லாபக் கடிதம் போயிற்று. அவர்களும் லாபம் என்று நம்பிப் பணம் எடுத்தார்கள். வீடு கட்டினார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். உண்மையில் அவர்கள் எடுத்துச் செலவழித்தது தங்கள் கைமுதலை! ஐந்தாம் ஆண்டு மொத்த வியாபாரியின் பில்லுக்குப் பணம் இல்லை. அப்போதுதான் வாப்பா பேரேட்டைத் தாமே பிரித்துப் பார்த்தார்கள்.

யாரும் ஒரு காசும் திருடவில்லை, சகோதரர்களே. கணக்கு மட்டுந்தான் பொய். அந்தத் தாயின் பணத்தை வாப்பா ஒன்பது ஆண்டுகள் மாதாமாதம் அனுப்பித் தீர்த்தார்கள். சிறுவனாக நான்தான் தபாலாபீசுக்குப் போவேன். சட்டப்படி நீங்கள் கொடுக்கவேண்டியதில்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, நான் பார்க்காமல் இருந்தேனே, அதற்கு யார் பதில் சொல்வது என்றார்கள்.

அதன் பிறகு எங்கள் கடையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. கூட்டாளிகளுக்கு அனுப்பும் கணக்கில் சரக்கை வாங்கிய விலை, இன்று விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் எழுதுவோம். (ஸகாத்துக்கு மதிப்பிடும் முறை வேறு; அதை இதனோடு கலக்காதீர்கள், ஆலிமைக் கேளுங்கள்.) ஓராண்டு தாண்டிய பாக்கிக்குச் சிவப்பு மையில் கோடு. அந்தச் சிவப்புக் கோடுகள் கணக்கின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

படியில் நிறுத்திய பிள்ளையை மறுநாள் கடைக்கு வரச்சொன்னேன். கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு வந்தார். ஆங்கிலம் அவர் படித்தார். கேள்வி நான் கேட்டேன். ஆடிட்டர் ஆட்சேபம் ஏதும் எழுதியிருக்கிறாரா? லாபம் காட்டுகிறதே, ரொக்கம் உள்ளே வந்ததா? வரவேண்டிய பாக்கி விற்பனையை விட வேகமாக ஏறுகிறதா? ஆடிட்டரை அண்மையில் மாற்றினார்களா, ஏன்? மூன்றாம் கேள்வியில் பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். விற்பனை கொஞ்சந்தான் கூடியிருந்தது. பாக்கியோ இரண்டு மடங்காகியிருந்தது.

பங்கு வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை. போகும்போது வாப்பாவின் பழைய பேரேட்டைப் பார்க்கலாமா என்றார். எடுத்துக் கொடுத்தேன். கல்லாப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, இஷா பாங்கு சொல்லும்வரை சிவப்பு மைப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.