பலவற்றுள் உறையும் ஒன்று

ஒரு பொதுத்தன்மை பல பொருள்களில் காணப்படும்போது அது ஒன்றாகவே நிற்கிறதா, பலவாகப் பிரிந்துவிடுகிறதா என்பது இந்தியத் தத்துவ மரபு நெடுங்காலம் வழக்காடிய வினாவாகும். மணிமேகலையின் 27ஆம் காதையிலும் இடம்பெறும் வைசேடிக மரபினர், பலவற்றுக்கும் பொதுவான தன்மையைச் சாமானியம் என்றும், ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துவதை விசேடம் என்றும் வகுத்து, சாமானியம் பிரிவுபடாமல் பொருள்தோறும் முழுமையாக உறைகிறது எனக் கொண்டனர். திக்நாகர் முதலான பௌத்த அளவையாளரோ, உள்ளவை தனிப்பொருள்களே என்றும், பொதுமை மனம் கற்பித்துக்கொள்வதே என்றும் மறுத்தனர்.

தருமபுரி மாவட்டத்து நடுகற்கள், அதாவது போரில் வீழ்ந்த வீரர்க்கு எடுத்த நினைவுக்கற்கள், இவ்வினாவுக்குச் சிறந்த களமாகின்றன. தொல்காப்பியம் கல்லெடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வரையறுக்கிறது. பல்லவர் காலத்தில் இப்பகுதியில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட கற்களிலும் மன்னனின் ஆட்சியாண்டு, ஊர், வீரன் பெயர், அவன் பட்ட சூழல் ஆகிய உறுப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்த அமைப்பு எல்லார்க்கும் பொதுவே; எனினும் தொறு எனப்படும் ஆநிரையை மீட்டு மடிந்தவன் இன்னான் என்ற செய்தியே அந்தக் கல்லை அவனுடைய கல்லாக்கி, உறவினர் வழிபடும் பொருளாக உயர்த்துகிறது.

இன்றைய மென்பொருளிலும் இவ்வினா எழுகிறது. 2004இல் ஜாவா மொழியில் இடம்பெற்ற அன்னோட்டேஷன் என்பது நிரலின் ஒரு பகுதியைப் பற்றி நிரலிலேயே எழுதப்படும் குறிப்பாகும். டேப்பஸ்ட்ரி என்னும் வலைச்சட்டகத்தில், ஒரு பக்கத்துக்குரிய படிவம், அட்டவணை போன்ற உறுப்புகளை இக்குறிப்பால் வரையறுக்கலாம். அவ்வரையறையைப் பக்கந்தோறும் படியெடுத்து வைத்தால் ஓரிடத்துத் திருத்தம் பிறவற்றை எட்டுவதில்லை; பக்கங்கள் அனைத்தும் வழிவழியாகப் பெறும் அடிப்படை வகுப்பு ஒன்றில் அதை ஒருமுறை எழுதினால், வரையறை ஒன்றாக நிற்க, ஒவ்வொரு பக்கமும் தனக்கென ஓர் உறுப்பைப் பெற்றுத் தன் தரவை அதில் நிரப்புகிறது.

ஒரு திருத்தம் எல்லாப் பக்கங்களிலும் ஒருங்கே விளைவதைச் சாமானியத்துக்குச் சான்றாக வைசேடிகர் காட்டக்கூடும். அடிப்படை வகுப்பும் எழுதப்பட்ட ஒரு தனிப்பொருளே, அது பிறவற்றுக்குக் காரணமாவதன்றி அவற்றுள் உறைவதில்லை என்று பௌத்தர் விடை கூறக்கூடும். பௌத்தரின் விடையே இங்கு வலியது; அதனாலேயே வரையறுப்பவரின் பொறுப்பும் கூடுகிறது. பொதுமை தானாக உறைவதன்று, மனிதர் வகுப்பது எனின், அதில் நேரும் பிழைக்கும் அவரே பொறுப்பு. அப்பிழை பல இடங்களில் ஒருசேர விளையும். ஆதலால், உண்மையிலேயே பொதுவானதை மட்டும் வரையறையில் வைத்து, தனித்தன்மைக்குரிய இடத்தைத் திறந்தே விடுவது பலருக்காக ஒன்றை வகுப்போர்க்குரிய அறமாகும்.