கோடும் குறியும்

ஜேம்ஸ் ஜாய்ஸுக்கு மேற்கோள் குறிகள் பிடிக்காது. பேச்சு தொடங்குமிடத்தில் ஒரு நீளக் கோடு, முடியுமிடத்தில் ஒன்றுமில்லை. 1914இல் ‘டப்ளினர்ஸ்’ நூலைப் பதிப்பாளர் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் குறிகளோடுதான் அச்சிட்டார். ராபர்ட் ஷோல்ஸ் திருத்திய 1967 பதிப்பில் கோடுகள் வந்தன.

ரிச்சர்ட்ஸ் செய்ததை, ஸ்கான் செய்த ‘யுலிஸஸை’ச் சுத்தம் செய்கிற எவரும் இன்று ஒரே கட்டளையில் செய்துவிடலாம்: வரி முதலில் கோட்டைத் தேடு, மேற்கோள் குறியாக மாற்று. (வரி முதலில் என்று சொல்லாவிட்டால் வாக்கிய நடுவில் வரும் கோடுகளும் மாட்டிக்கொள்ளும், அது சில்லறைத் தொல்லை.) ஆனால் மூடும் குறி? ‘என்றான் ஸ்டீபன்’ என்பதைப் பேச்சிலிருந்து பிரிப்பது ஒரு கமா மட்டுமே. அதன்பின் அவன் பேச்சு எந்த அடையாளமுமின்றி மறுபடி தொடர்கிறது. குரலும் கதைசொல்லலும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும் என்பதற்காகவே இது. இங்கே குறி போடுகிறவன் அழுக்கை நீக்கவில்லை. தன் வாசிப்பை ஜாய்ஸின் பெயரில் விநியோகிக்கிறான்.

வாசகனின் சௌகரியம் என்பார்கள். நிறுத்தக்குறிகளற்ற ஏடுகளுக்கு உ. வே. சாமிநாதையர் குறிகள் இடவில்லையா? இட்டார், பாடபேதங்களையும் கூடவே தந்தார். தவிர, ஏடு குறிகளை அறியாதது. ஜாய்ஸ் அறிந்து மறுத்தவர். இயந்திரம் கோட்டைத் தவறாகப் படித்திருந்தால் திருத்தலாம், திருத்தவேண்டும். அது அவர் பக்கம் நிற்பது.

1914 புத்தகத்தில் பதிப்பாளரின் பெயராவது இருந்தது, 1967இல் மறுப்பதற்கு. ‘அனைத்தையும் மாற்று’ என்று ஆணையிட்டவனின் பெயர் கோப்பில் எங்கும் இல்லை.