நூலை நீக்குவதா? நூலுக்கு விடை கூறுவதா?

மாணவர் பயிலும் நூலொன்று சிலருக்கு ஒவ்வாததாயின், அதனைப் பாடத்திட்டத்தினின்று நீக்குதல் அறமாகுமா? சிவகிரி முதலிய ஊர்களின் பிள்ளைகள் உயர்கல்வி நாடிச் செல்லும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே இவ்வினா எழுந்தது. முதுகலை ஆங்கிலப் பாடத்தில் 2017 முதல் இடம்பெற்றிருந்த அருந்ததி ராயின் ‘வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்’ என்னும் நூல், மாணவர் அமைப்பொன்றின் எதிர்ப்பையடுத்து 2020 நவம்பரில் நீக்கப்பட்டது. அதனிடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வைக்கப்பெற்றன.

கிருஷ்ணனின் எழுத்து கற்கத் தக்கதே. நீக்கப்பட்ட நூலோ, ஆயுதமேந்திய மாவோயிஸ்டுகளுடன் காட்டில் நடந்து எழுதப்பெற்றது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்கு அதனுடன் முழு உடன்பாடு இருத்தல் அரிது. எனினும் அதன் நீக்கத்தை யாம் ஏற்பதற்கில்லை. ஆயுதமேந்துவோர் கூறும் காரணத்தைக் கேளாதவர், அதற்கு அகிம்சையின் விடையை எங்ஙனம் கூறுவர்?

வயதறிந்து பாடம் தெரிதல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் யாம் கற்ற முதற்பாடம். சிறுவர்க்கு ஆகாத நூல்கள் உண்டு. ஆயின் முதுகலை மாணவர் சிறுவரல்லர், படிப்பதெல்லாம் உடன்படுவதுமன்று.

நம் முன்னோர் காட்டிய வழி யாது? பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசி பிற சமயங்களை வாதில் வென்றதாகக் கூறிற்று. அதற்கு எதிராக நம்மவர் நீலகேசியை இயற்றினர். நூலுக்கு நூலே விடையாயிற்று. சோழ மன்னன் சீவகசிந்தாமணியில் திளைத்தது கண்டு வருந்திய சேக்கிழாரும் பெரியபுராணம் பாடினார் என்று சேக்கிழார் புராணம் கூறும். அதே சிந்தாமணியை 1887இல் அச்சேற்றியவர் சைவராகிய உ.வே. சாமிநாதையர், குடந்தைச் சமணப் பெரியோரிடம் ஐயங்களைத் தெளிந்தே அவர் பதிப்பித்தார். இன்று இரு நூல்களையும் தமிழுலகம் போற்றுகின்றது.

எதிர்ப்பு எழுந்த அளவிலேயே நூல் நீங்கும் என்பது வழக்கமாயின், எண்ணிக்கையில் சிறிய சமுதாயத்தின் நூல்களே முதலில் நீங்கும். இன்பச்சுவை மிகுந்ததென்று சிந்தாமணியையே ஒருவர் விலக்கக் கோரலாம். அன்று நமக்காகப் பேச வேண்டியவர் யாவர்?

ஆதலின், பிள்ளைகளின் பாடநூல் ஒவ்வாததாகத் தோன்றின் பெற்றோர் முதலில் அதனை முழுதும் படிப்பாராக. மறுப்பு இருப்பின் எழுதி ஆசிரியரிடம் அளிப்பாராக. நூலையும் மறுப்பையும் ஒருங்கே கற்று, சீர்தூக்கித் தெளியும் உரிமை மாணவர்க்கு உரியது. அவ்வுரிமையைக் காத்தல் நம் கடன்.