தற்புகழ்ச்சியும் செவிலியரின் பயோடேட்டாவும்

படிப்பை முடித்து முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும் செவிலியருக்குப் பயோடேட்டா எழுதும்போது ஒரு தயக்கம் வருவதுண்டு. தன் திறமையைத் தானே எடுத்துச் சொல்வது தற்பெருமை ஆகாதா? அடக்கத்தைப் போற்றும் சமூகத்தில் இது நியாயமான கேள்விதான்.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதற்கு விடை வைத்திருக்கிறது. எத்தனை துறைகளில் தேர்ந்தவராயினும் தம்மைத் தாமே புகழ்வது தகாது என்று அதன் பாயிரம் விதிக்கிறது. அடுத்த நூற்பாவிலேயே நான்கு விலக்குகளும் தருகிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தம் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில், எதிராளி பழிக்கும்போது. வேலைக்கான விண்ணப்பம் முதல் இரண்டிலும் பொருந்துகிறது. அதைப் படிக்கப்போகும் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் விண்ணப்பித்தவரை ஒருநாளும் கண்டிருக்க மாட்டார். அவரிடம் தம் தகுதியைச் சொல்லாமல் விடுவதை அடக்கம் என்று கொள்ள முடியாது.

விலக்கு புகழ்ச்சிக்கு மட்டுமே; பொய்க்கு இல்லை. நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிற குறளை இங்கே துணைக்கு அழைக்க வழியில்லை, ஏனெனில் அது குற்றமற்ற நன்மையைக் கேட்கிறது. வென்டிலேட்டரை எட்ட நின்று பார்த்த ஒருவர் அதைக் கையாளத் தெரியும் என்று எழுதினால் வேலை அவருக்குக் கிடைக்கும்; கேடு ஐசியூ படுக்கையில் கிடப்பவருக்கு வந்து சேரும். 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணி செய்பவரையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக வைக்கிறது. அந்தக் கூறு பொய்த்தால் மற்ற மூன்றும் தடுமாறும்.

அனுபவம் குறைந்தவருக்கும் மெய்யாகச் சொல்ல நிறைய இருக்கிறது. பிஎஸ்சி நர்சிங் 4 ஆண்டுப் படிப்பு, ஜிஎன்எம் 3 ஆண்டு. இரண்டிலும் கணிசமான காலம் வார்டுகளில் கழிகிறது. எந்தெந்த வார்டில் எத்தனை வாரம் போஸ்டிங், அங்கே எத்தனை படுக்கைகள் என்பதை எழுதலாம். கவுன்சில் பதிவு எண் தவறாமல் இடம்பெற வேண்டும். செய்முறைகளில் தனியாகச் செய்தவை, மேற்பார்வையில் செய்தவை, பார்த்து மட்டும் அறிந்தவை என்று பிரித்துக் காட்டுவது எல்லாவற்றிலும் முக்கியம். நேர்மை அந்தப் பிரிப்பில்தான் வெளிப்படுகிறது. 'கருணை மிக்கவர்', 'கடின உழைப்பாளி' என்று எவரும் எழுதிவிடலாம். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிய பயிற்சியைச் சொன்னால் அந்தக் குணங்கள் தாமே தெரியும்.

இங்கே இன்னொரு கடமையும் குறுக்கிடுகிறது. செவிலிய மாணவர்கள் விளக்கேற்றி எடுக்கும் நைட்டிங்கேல் உறுதிமொழி 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உருவானது. நோயாளியின் தனிச் செய்திகளைக் காப்பது அதன் ஒரு பகுதி. எவ்வளவு பெருமைக்குரிய அனுபவமானாலும், நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் பயோடேட்டாவில் எழுதக் கூடாது.