ஆர்ட பிள்ளை?

குருக்கள்மடத் துறையில் மிதவைப் பாதை ஏறி, வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போகிறீர்கள். மோட்டார் சைக்கிள்களுக்கும் நெல் மூடைகளுக்கும் நடுவே ஒதுங்கி நிற்கும் உங்களை ஒரு பெரியவர் உற்றுப் பார்ப்பார். "ஆர்ட பிள்ளை நீ?" என்று கேட்பார். என்ன படிப்பு, என்ன உத்தியோகம் என்பதெல்லாம் பிறகுதான். தகப்பன் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலரும், நகர்ந்து இடம் தருவார். அந்த இடம் நீங்கள் உழைத்துப் பெற்றதல்ல. தகப்பன் பெயருக்குக் கிடைத்தது.

விசுவாசத்திலும் வரிசை இதுதான். முதலில் பிள்ளை, பிறகு அதிகாரம். பேய்களே தங்களுக்குக் கீழ்ப்படிந்தன என்று சீஷர்கள் ஆரவாரத்தோடு திரும்பி வந்ததை லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இயேசு அவர்களுடைய சந்தோஷத்தை வேறு பக்கம் திருப்பினார். பரலோகத்தில் பெயர் எழுதியிருக்கிறதே, அதை நினைத்துச் சந்தோஷப்படச் சொன்னார்.

இந்த வரிசையை ஒரு மனிதரிடம் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலை. மட்டக்களப்பு நாவலடி. குருக்கள்மடத்தைப் போலவே வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நிலம். அங்கே பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திவந்தார் தயாளன் சாண்டர்ஸ் என்ற போதகர். கடல் எழும்பி வருகிறது என்றதும் 28 பிள்ளைகளையும் படகில் ஏற்றினார். வாவிக்குள் படகு இறங்கியது. பின்னால் அலை. அவர் கையை உயர்த்தி, இயேசுவின் நாமத்தில் அந்த அலைக்குக் கட்டளையிட்டார். பிள்ளைகள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

உலகப் பத்திரிகைகள் அந்தக் கட்டளையைப் பற்றி எழுதின. எனக்கு அதற்கு முந்திய நிமிடம்தான் பெரிது. யாரோ பெற்ற பிள்ளைகளைத் தன் பிள்ளைகளென்று அவர் படகில் ஏற்றிய நிமிடம். அவர் யாருடைய பிள்ளை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அதே காலையில், அதே நாமத்தை அழைத்த எத்தனையோ பேரை இந்தக் கரையோரத்தில் கடல் கொண்டுபோனது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கு வந்த பிள்ளைகள் குண்டுக்குப் பலியானார்கள். அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தப்பியவரும் பிள்ளை, தப்பாதவரும் பிள்ளை. பெயர் எழுதிய இடத்துக்கு அலையும் ஏறாது, குண்டும் எட்டாது.

இன்று நுண்கடன் தவணைக்கு ஆள் வரும் நாளாக இருக்கலாம். வைத்தியசாலைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் நாளாக இருக்கலாம். ஊரெல்லாம் கோயில் திருவிழாவில் இருக்க, நீங்கள் மட்டும் ஒரு சிறிய அறையில் கூடி ஜெபிக்கிறவராக இருக்கலாம். அதற்காகத் தலை குனியவும் வேண்டாம், மற்றவர் சாமியைக் குறைத்துப் பேசவும் வேண்டாம். வீட்டுப் பிள்ளைக்கு வீம்பு எதற்கு?

படலைக்கு வெளியே நிற்கும் அந்நியரைப் போல ஜெபிக்காதீர்கள். உள்ளே வளர்ந்த பிள்ளையைப் போல "அப்பா" என்று தொடங்குங்கள். மனதில் ஏறி உட்கார்ந்திருக்கும் பயத்தைப் பார்த்து, "எழும்பிப் போ" என்று இயேசுவின் நாமத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சொன்ன கையோடு வெளியே வாருங்கள். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளை ஒன்று உங்கள் ஒழுங்கையிலும் இருக்கும். இன்று பின்னேரம் அந்தப் பிள்ளையிடம் போய், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.