பாறையும் பவுனும்

2025ஆம் ஆண்டின் நடுவில், மணமாகிச் சில வாரங்களே ஆன ஓர் இளம்பெண் கொங்கு நாட்டில் உயிரை மாய்த்துக்கொண்டாள். வரதட்சணைக் கொடுமையே காரணம் என்று பெற்றோர் கொடுத்த புகார் தமிழ்நாட்டையே கலங்க வைத்தது. ஒரு பவுன் 70,000 ரூபாயைத் தாண்டிய ஆண்டு அது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 6,450 வரதட்சணை மரணங்கள் பதிவாயின. இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது, இது அயல்வீட்டுத் துயரம் என்ற எண்ணம் கிறிஸ்தவ வீடுகளில் எழக்கூடும். அப்படி எண்ண நமக்கு உரிமை கிடையாது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும், மாப்பிள்ளையின் படிப்பையும் வேலையையும் வைத்துப் பவுனும் ரொக்கமும் பேசுவது கிறிஸ்தவக் குடும்பங்களிடையேயும் ஊரறிந்த வழக்கம். ஜெபத்தோடு தொடங்கும் சம்பந்தப் பேச்சு ஜெபத்தோடு முடிகிறது. இடையில் தொகை பேசப்படுகிறது. பிறகு ஆலயத்தில் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்கப்படுகிறது, ஆசீர்வாதம் கூறப்படுகிறது. கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர் என்ற வாசகம் புது வீட்டுச் சுவரில் ஏறுகிறது. அந்த வீடு எதன் மேல் கட்டப்பட்டது என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். வாழ்க்கைக்கும் குடும்பத்துக்கும் கிறிஸ்தவ விசுவாசத்தைப் போல உறுதியான அடித்தளம் வேறில்லை. ஆனால் அந்த அடித்தளம் கீழ்ப்படிதலால் இடப்படுவது. வரதட்சணை வாங்கிய வீடு எத்தனை ஜெபக்கூட்டம் நடத்தினாலும், அந்த ஒரு காரியத்தில் விசுவாசத்தை விலக்கி வைத்துவிட்டுப் பணத்தின் மேல் கட்டிய வீடுதான். இது கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். மலைப்பிரசங்கத்தின் முடிவில் இயேசு கூறிய உவமையைவிட இது கடுமையானதன்று. மத்தேயு ஏழாம் அதிகாரத்தில் வரும் இரண்டு மனிதரும் ஒரே வார்த்தையைக் கேட்டவர்கள். இருவரும் வீடு கட்டினார்கள். இருவர் வீட்டின் மீதும் ஒரே மழை பெய்தது, ஒரே வெள்ளம் மோதியது. கேட்டபடி செய்தவனின் வீடு நின்றது, கேட்டும் செய்யாதவனின் வீடு விழுந்தது. லூக்கா ஆறாம் அதிகாரம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: நின்ற வீட்டுக்காரன் ஆழமாகத் தோண்டினான். யாக்கோபின் நிருபம் இதையே இன்னும் வெளிப்படையாகக் கூறி, செயலற்ற விசுவாசத்தைச் செத்தது என்று ஒதுக்குகிறது. ஆகவே விசுவாசத்தின் உறுதி உணர்ச்சியிலோ வழிபாட்டின் ஆரவாரத்திலோ இல்லை. செலவு வைக்கும் இடத்தில் சொல்படி நடக்கிறோமா என்பதில்தான் இருக்கிறது.

அந்த விசுவாசம் குடும்பத்துக்கு எப்படி உறுதி தருகிறது என்பதை விரிவாகப் பார்க்க வேண்டும். முதலாவது, அது மனிதருக்கு விலை வைக்க மறுக்கிறது. ஆணும் பெண்ணும் தேவசாயலில் படைக்கப்பட்டார்கள் என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே நிலைநாட்டுகிறது. தேவசாயலுக்குப் பவுன் கணக்கில் மதிப்புப் போட எவருக்கும் அதிகாரமில்லை. அப்படிப் போட்டால் விற்கப்படுவது மணமகனே. ஏழைகளை ஒரு ஜோடி செருப்புக்காக விற்ற மக்கள்மேல் ஆமோஸ் தீர்க்கதரிசி சினந்தது வழிபாடு குறைந்துபோனதற்காக அன்று. வழிபாடு நிறைந்திருந்தும் மனிதர் விலைப்பொருளானார்கள் என்பதற்காக. இரண்டாவது, அது திருமணத்தை உடன்படிக்கையாகக் காண்கிறது. செல்வத்திலும் வறுமையிலும், நோயிலும் நலத்திலும் பிரியேன் என்று பலிபீடத்தின் முன் மணமக்கள் ஏற்கும் உறுதிமொழி நிபந்தனையற்றது. கார் வந்தால்தான், ரொக்கம் முழுதாக வந்தால்தான் என்று முந்தைய வாரம் பேசிவிட்டு, வறுமையிலும் பிரியேன் என்று இந்த வாரம் உறுதி கூறுவது தேவசந்நிதியில் பொய்யுரைப்பதாகும். மூன்றாவது, அது அதிகாரத்தின் திசையை மாற்றுகிறது. எபேசியர் ஐந்தாம் அதிகாரம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவதில் தொடங்கி, கணவன் தன்னையே ஒப்புக்கொடுத்து மனைவியை நேசிக்க வேண்டும் என்பதில் நிலைகொள்கிறது. பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: மனைவிக்குரிய மதிப்பைக் கொடாத கணவனின் ஜெபம் தடைபடும். குடும்ப ஜெபம் தவறாமல் நடக்கும் வீடுகள் இதை ஒருமுறை நின்று படிக்கட்டும்.

திருச்சபையின் மூத்த ஆசான்களும் இதையே போதித்தார்கள். நான்காம் நூற்றாண்டின் பெரும் போதகரான யோவான் கிறிசோஸ்தோம், மனைவியைத் தேடுகிறவன் அவளுடைய செல்வத்தைத் தேடாமல் குணத்தைத் தேட வேண்டும் என்று பிரசங்கித்தார். வீட்டையே ஒரு சிறு திருச்சபையாக்குங்கள் என்பதும் அவர் அறிவுரை. அவருக்கும் முந்தியவரான தெர்த்துல்லியன், ஒரே நம்பிக்கையில் வாழும் கணவன் மனைவியின் மேன்மையைத் தன் மனைவிக்கு எழுதிய நூலில் போற்றினார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் வெளியிட்ட குடும்பம் பற்றிய திருத்தூது ஊக்கவுரை, பெண்ணைப் பொருளாகக் கருதும் எல்லா வழக்கங்களையும் கண்டித்தது. தமிழ் அறமரபும் இதற்கு அயலன்று. இல்லறத்தை அன்பின் மேலும் அறத்தின் மேலும் நிறுத்திய வள்ளுவர், பிறர் பொருளுக்கு ஆசைப்படாமையை வெஃகாமை என்ற தனி அதிகாரமாக இல்லறவியலில்தான் வைத்தார். பிறர் பொருள்மேல் கண் வைத்துத் தொடங்கும் இல்லறம் அவருடைய அளவையிலும் தேறாது.

விசுவாசம் நம் மண்ணில் என்ன செய்தது என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல். அதற்கு முன்பே, லேஸ் பின்னிக் கிடைத்த கூலியைக் கொண்டு அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். அதே மண்ணில், தங்கள் உடலை மூடிக்கொள்ளும் உரிமைக்காகக் கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் பல ஆண்டுகள் போராடி, 1859ஆம் ஆண்டு அரச அறிவிப்பைப் பெற்றார்கள். மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை, பெண்கல்விக்காகப் பெண்மதி மாலையை எழுதினார். பெண்ணுக்கு மதிப்பு உண்டு, அவள் எவருடைய உடைமையும் அல்லள் என்ற நம்பிக்கைதான் இத்தனைக்கும் வேர். அடிமைப் பெண் தன் கூலியால் விடுதலை வாங்கிய ஊரில், அவள் வழிவந்த பெண்ணின் திருமணத்துக்கு இன்று பவுன் பேசப்படுகிறது என்றால், நாம் இழந்தது ஏதோ ஒரு நல்ல வழக்கத்தை மட்டுமன்று. முன்னோர் நின்ற பாறையை விட்டே இறங்கிவிட்டோம்.

மறுதரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிடக் கூடாது. மகளை வெறுங்கையாய் அனுப்ப எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது. தன் வீட்டாரைப் பராமரிக்காதவன் அவிசுவாசியைவிடக் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமே கூறுகிறது. மகளின் பாதுகாப்புக்காகக் கொடுக்கிறோம் என்று பெற்றோர் சொல்வதில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த அன்புக்கு வேதம் காட்டும் வழி வேறு. எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளும் தகப்பனின் சொத்தில் பங்கு கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். காலேபின் மகள் அக்சாள் நிலமும் நீரூற்றுகளும் கேட்டுப் பெற்றாள். மகளுக்குச் சேர்ந்த சொத்து மகளின் கையில் இருக்கும்; அவளைக் காக்கும். வரதட்சணையோ மாமனார் கைக்குப் போய், கடனடைக்கவும் நாத்தனார் கல்யாணத்துக்கும் கரைகிறது. கொடுக்கும் தகப்பன் மகளுக்குக் கொடுக்கவில்லை. அவளைப் பெற்றுக்கொள்ள ஒரு வீட்டுக்குக் கட்டணம் செலுத்துகிறான். தங்களுக்காக வந்த பொருளைத் தகப்பன் லாபானே விழுங்கிவிட்டான் என்று ராகேலும் லேயாளும் ஆதியாகமம் 31இல் மனம் கசந்து சொன்னார்களே, அந்தக் கசப்பை இன்று எத்தனையோ பெண்கள் மாமியார் வீட்டில் சுமக்கிறார்கள்.

சீதனம் பெண்ணின் பங்குக்கு ஈடு என்ற வாதமும் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் இந்த எண்ணத்தின் மீதே எழுந்தது. மகனின் பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுவே மகளுக்கு. சீதனம் கொடுத்தாலோ, தருவதாக ஒப்புக்கொண்டாலோ அதுவும் இல்லை. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் வழக்காடி, 1986இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். திருவிதாங்கூர்ப் பகுதியிலும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும், மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று தீர்ப்பானது. 1956 வரை முதலில் திருவிதாங்கூரையும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சார்ந்தே இருந்த குமரி மண்ணுக்கு இந்த வரலாறு அயலானதன்று. சமபங்கு சட்டமாகிவிட்ட பின்னும் சீதனத்தைப் பங்கு என்று அழைத்து, அதைக் காட்டி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இருமடங்கு அநீதி.

விசுவாசம் எதற்கு, சட்டமும் நல்லறிவும் போதாவா என்று கேட்பவர்கள் உண்டு. விசுவாசம் இல்லாமலே வரதட்சணை வாங்காமல் நேர்மையாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களை வணங்கலாம். ஆயினும் சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. வாங்கினாலும் கொடுத்தாலும் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை என்று அது பின்னர் கடுமையாக்கப்பட்டது. வரதட்சணை மரணம் தனிக் குற்றமாகி, குறைந்தது ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சட்டம் வந்து அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் மரணங்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. கொடுப்பவரும் வாங்குபவரும் உடன்பட்டுக் கதவை அடைத்துக்கொண்டு பேசும் பேச்சைச் சட்டம் கேட்பதில்லை. பெண்ணின் உடல் பிரேதப் பரிசோதனைக்கு வந்த பிறகுதான் அது வீட்டுக்குள் நுழைகிறது. அடைத்த கதவுக்குள்ளும் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவனே அங்கே வாய் திறக்கக் கூசுவான். சட்டம் வேண்டும், அதன் கடுமையும் வேண்டும். குடும்பம் தாங்கி நிற்க அது மட்டும் போதாது.

இன்னொரு குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. விசுவாசம் பெண்ணைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது, அடிவாங்கிய வீட்டுக்கே ஜெபம் பண்ணித் திருப்பி அனுப்புகிறது என்பது அது. அப்படி நடந்திருப்பதை மறுக்க இயலாது. ஆனால் அது விசுவாசத்தின் கட்டளையன்று, விசுவாசத்தைத் திரித்ததன் விளைவு. மல்கியா இரண்டாம் அதிகாரத்தில், இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்தவனுக்கு எதிராகக் கர்த்தர் தாமே சாட்சியாக நிற்கிறார்; அவர் நிற்பது அவள் பக்கம். சிலுவை சுமப்பது என்பது தானே விரும்பி அன்பினால் ஏற்பது. மற்றவனின் பேராசை சுமத்தும் கொடுமைக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது சிலுவைக்கே அவமதிப்பு. 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டப்படி கிறிஸ்தவ மனைவி கொடுமையை மட்டும் காட்டி விவாகரத்துப் பெற முடியாதிருந்தது. 2001இல் அது திருத்தப்பட்டது. திருத்தம் கேட்டவர்களில் கிறிஸ்தவப் பெண்களும் இருந்தார்கள். விசுவாசம் அவர்களை ஊமைகளாக்கவில்லை.

ஆகவே விசுவாசத்தைக் குடும்பத்தின் அடித்தளம் என்று அறிக்கையிடுகிறவர்கள், அதை முதலில் சம்பந்தம் பேசும் இடத்தில் காட்ட வேண்டும். நானும் என் வீட்டாரும் கர்த்தரையே சேவிப்போம் என்ற யோசுவாவின் உறுதியை ஏற்ற தகப்பன், மகனுக்குப் பெண் பார்க்கப் போகையில் எதுவும் வேண்டாம் என்று முதல் பேச்சிலேயே சொல்லட்டும். உங்களுக்குப் பிரியமானதைச் செய்யுங்கள் என்று சொல்லிக் கண்ணால் கேட்கும் பழக்கமும் ஒழியட்டும். இளைஞர்கள், பெற்றோர் பேசுகிறார்கள் என்று ஒதுங்கி நிற்காமல் தாங்களே மறுக்கட்டும். விலைபேசப்படுவது அவர்கள் மானமே. பெண்ணைப் பெற்றவர்கள், நகைக்குச் சேர்க்கும் பணத்தைப் படிப்புக்கும் அவள் பெயரில் நிலத்துக்கும் செலவிடட்டும். ஓலை வாசிக்குமுன் போதகர்களும் பங்குத்தந்தையர்களும் தொகை பேசப்பட்டதா என்று இரு வீட்டாரையும் கேட்கட்டும். பேசப்பட்டிருந்தால் ஓலையை நிறுத்தட்டும். அதனால் சபைக்கு வரும் காணிக்கை குறையுமானால் குறையட்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு சகேயுவின் வழி திறந்திருக்கிறது. இரட்சிப்பு வீட்டுக்கு வந்த நாளில் அவன் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தர முன்வந்தான். மருமகளிடம் வாங்கிய நகையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். ரொக்கத்தை அவள் பெயரில் வங்கியில் போடுங்கள். இதைச் செய்த பிறகு குடும்ப ஜெபத்துக்கு உட்காருங்கள்.