பிறருக்கென்று பிறந்த கிண்ணம்

1950களில் பின்லாந்தின் பல வீடுகளில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஜன்னல்களுக்கு மட்டும் உள்ளும் புறமுமாக இரட்டைக் கண்ணாடி உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் பால், வெண்ணெய் எல்லாம் வைத்துவிடுவார்கள். ஊர்க் குளிரே கெடாமல் பார்த்துக்கொள்ளும். பின்லாந்து வடிவமைப்பாளர் காய் ஃபிராங்க் தன் கில்டாப் பாத்திர வரிசைக்கு ஒரு கிரீம் ஜாடி வரைந்தபோது, அது அந்தச் சந்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவே அதை ஒடுக்கினார். அந்த ஜாடியைக் கையில் எடுத்துப் பார்க்கும் எவருக்கும் அதன் உருவம் முதலில் விசித்திரமாகத்தான் தோன்றும். ஜன்னல் சந்து என்று சொன்னதும் அந்த உருவத்தில் மாற்ற எதுவுமே இல்லை என்று தெரிந்துவிடும்.

நான் பிறந்தது ஸ்ரீரங்கத்தில், தென்கலை வைணவக் குடும்பத்தில். வேலை நிமித்தம் ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் உள்ள எஸ்போவுக்கு வந்து, இங்கேயே குடும்பமாகிவிட்டது. ஹியேதலஹ்தி சதுக்கத்துப் பழைய சாமான் சந்தையில் மஞ்சள் நிறக் கில்டாத் தட்டு ஒன்றைத் தற்செயலாக வாங்கினேன். பிறகு பச்சைக் கிண்ணம், கறுப்புக் கோப்பை, அன்டி நுர்மெஸ்னியெமி 1957இல் வடிவமைத்த எனாமல் காபிக் கெண்டி என்று சேர்ந்துகொண்டே போனது. இந்தக் காலத்துச் சாமான்களை ‘மிட்-செஞ்சுரி மாடர்ன்’ என்று பெயர் வைத்து உலகமெங்கும் சேர்க்கிறார்கள். சேர்ப்பவர்களின் வீட்டுக் கண்ணாடி அலமாரிகளைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு கேள்வி கனத்தது. பிறர் உண்பதற்கென்று பிறந்த ஒன்றை, உண்ணாமல் வைத்திருப்பது பக்தியா, அபகாரமா?

இதை நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. எங்கள் சம்பிரதாயத்தின் மையமே இதுதான். ராமானுஜர் வேதார்த்த சங்கிரகத்தில் சேஷம் என்றால் என்ன என்று வரையறுக்கிறார். ஒன்றின் இயல்பே மற்றொன்றுக்கு மேன்மை சேர்ப்பதாக இருக்குமானால் அது சேஷம். எதற்கு மேன்மை சேர்கிறதோ அது சேஷி. ஆத்மா பகவானுக்குச் சேஷம். அதை மறந்து ‘நான் எனக்கே’ என்று நினைப்பதை ஆத்ம அபகாரம் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். திருட்டுகளில் எல்லாம் பெரிய திருட்டு அது, ஏனென்றால் உடையவன் பொருளை உடையவன் கண்முன்பே தன்னுடையது என்று சொல்லிக்கொள்வது. சிறுமியாகக் காலட்சேபத்தில் அம்மா மடியில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது ஒன்றும் விளங்கவில்லை. கில்டாக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் விளங்கியது. தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத உருவம் அது.

காய் ஃபிராங்க் 1911இல் வீபுரி நகரத்தில் பிறந்தவர். போரில் அந்த நகரம் சோவியத் யூனியனுக்குப் போயிற்று. கரேலியாப் பகுதியிலிருந்து நாலு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுவாசலை விட்டு மேற்கே வந்தார்கள். நாடு 1952 வரை சோவியத்துக்குப் போர் இழப்பீடு கட்டியது. அடுக்குமாடிகளில் சின்னச் சின்ன வீடுகள், அவற்றில் இன்னும் சின்ன சமையலறைகள். 1945இல் ஹெல்சிங்கியின் அராபியா பீங்கான் ஆலையில் சேர்ந்த ஃபிராங்க், அந்தக் காலத்துப் பெரிய மேஜைச் செட்டுகளைப் பார்த்து, இவற்றை இனி யார் எங்கே வைப்பார்கள் என்று யோசித்தார். சூப்புக்கென்று ஒரு பெரிய கலம், மீனுக்கென்று நீளத் தட்டு, ஓரமெல்லாம் பூ, எண்ணிப் பன்னிரண்டு பேருக்கு. அதில் ஒன்று உடைந்தால் செட்டே மூளியாகிவிடும்.

1953இல் விற்பனைக்கு வந்த கில்டாவில் செட் என்ற பேச்சே இல்லை. வட்டம், சதுரம், கூம்பு. பூ கிடையாது, ஒரே வண்ணம். தட்டின் அகன்ற ஓரத்தை எடுத்துவிட்டதால் சின்ன மேஜையிலும் இடம் மிஞ்சியது. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கலாம். ஒன்றொன்றாக வாங்கலாம், சம்பளம் வர வர. மஞ்சளோடு கறுப்பைச் சேர்க்கலாம். உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். உடையும் என்பதை ஏற்றுக்கொண்டு செய்யப்பட்ட பாத்திரம் இது. நான் ஃபிராங்க்கிடம் கற்றதில் இதைத்தான் மிக உயர்வாக நினைக்கிறேன்.

அவர் இன்னும் ஒரு படி போனார். 1950களில் மிலான் கண்காட்சிகளில் பின்லாந்து பரிசுகளை அள்ளியது. வடிவமைப்பாளர்கள் சினிமா நட்சத்திரங்கள்போல ஆனார்கள். ஃபிராங்க்குக்கே 1955இல் லுன்னிங் பரிசு கிடைத்தது, 1957இல் மிலானில் கிராண்ட் பிரீ. அப்படிப்பட்டவர் 1960களில், அன்றாடப் பண்டங்களில் வடிவமைப்பாளரின் பெயரைப் போட்டு விற்காதீர்கள் என்று வாதாடினார். கோப்பை சரியாக இருக்கிறதா என்று பார். யார் வரைந்தது என்று ஏன் பார்க்கிறாய் என்பது அவர் கட்சி. இன்று சந்தைக்கு வருபவர்கள் தட்டை எடுத்ததும் முதல் வேலையாகத் திருப்பிப் பார்க்கிறார்கள். அடியில் கிரீடம் போட்ட அராபியா முத்திரை இருக்கிறதா, எந்தக் காலத்து முத்திரை. அதன்பிறகு கேட்கும் பெயர் காய் ஃபிராங்க். அவர் பாத்திரத்திலிருந்து எடுத்துவிட்ட ‘நான்’ சேர்ப்பவரின் கைவழியாக மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதோடு இன்னொரு ‘நான்’ கூடச் சேர்கிறது: இதைக் கண்டெடுத்தது நான்.

ஃபிராங்க் 1956இல் ஜப்பான் போய்வந்தவர். அங்கே இதே கேள்வியை முப்பது ஆண்டுகளாக வேறு கோணத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர் யானகி சோஎட்சு. பெயரற்ற கைவினைஞர்கள் மக்களின் அன்றாடத் தேவைக்குச் செய்த பண்டங்களுக்கு ‘மிங்கெய்’ என்று 1925இல் அவரும் குயவர்களான ஹமடா ஷோஜியும் கவாய் கன்ஜிரோவும் பெயரிட்டார்கள். 1936இல் தோக்கியோவில் மிங்கெய்கான் என்ற அருங்காட்சியகத்தை யானகி திறந்தார். இப்பண்டங்கள் ஏன் அழகாக இருக்கின்றன என்ற கேள்விக்கு அவர் கலையிலிருந்து விடை சொல்லவில்லை. ஜப்பானிய ஞானி ஷின்ரன் வழிவந்த பௌத்தத்திலிருந்து சொன்னார். தன் முயற்சியால் கரையேறுவது ஒரு வழி. அமிதா புத்தரின் சங்கல்பமே தூக்கிச் செல்லும் என்று விட்டுவிடுவது இன்னொரு வழி. அதற்குப் பெயர் தாரிகி, பிற வலிமை. ஒரே கிண்ணத்தை நாள் முழுவதும் வனைந்து வனைந்து தன்னை மறந்த குயவனின் கையில் அழகு தானாக வந்து இறங்குகிறது. அவன் அதைச் சம்பாதிக்கவில்லை என்றார் யானகி.

இதைப் படித்த அன்று எனக்கு மார்ஜார நியாயம்தான் நினைவுக்கு வந்தது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். பின்னதுதான் எங்கள் தென்கலை ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் பக்கம். ஷின்ரன் காலமான 13ஆம் நூற்றாண்டிலேயே இவர் காலமும் தொடங்குகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியே இல்லை. இருந்தும் கியோட்டோவும் ஸ்ரீரங்கமும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ஒரே பேச்சைப் பேசியிருக்கின்றன என்பது இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும் விஷயம்.

ஆனால் யானகியோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. ஃபிராங்க் பெயரைத் துறந்தார் என்றால், துறக்க அவரிடம் ஒரு பெயர் இருந்தது. ஹமடாவும் தன் கலங்களில் முத்திரை இடுவதில்லை. ஆனால் கலத்தை வைக்கும் மரப்பெட்டியில் கையெழுத்திடுவார். யானகி மெச்சும் சோற்றுக் கிண்ணத்தைப் பழைய கொரியாவில் வனைந்த குயவனுக்குத் துறப்பதற்கு என்ன இருந்தது? அவன் பெயரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அராபியா ஆலையில் கில்டாவைப் பூச்சில் முக்கி எடுத்த பெண்களின் பெயரும் எந்த முத்திரையிலும் இல்லை. ஏழ்மையால் வந்த பெயரின்மையைச் சரணாகதி என்று மெச்சுவது பாரதந்திரியத்தை, அதாவது பகவானையே முற்றும் சார்ந்திருப்பதை, தவறாகப் புரிந்துகொள்வது. எங்கள் ஆசாரியர்கள் அடிமைத்தனம் என்று சொன்னது பெருமாளுக்கும் அவன் அடியார்க்கும். ஏழ்மையால் மனிதன் மனிதனுக்கு அடிமையாவதை அவர்கள் அப்படிப் போற்றவில்லை. கொரியாவை ஜப்பான் ஆண்ட காலத்தில் சியோலின் குவாங்வாமுன் வாயிலை இடிக்கக்கூடாது என்று எழுதியவர் யானகி. 1924இல் அந்த ஊரிலேயே கொரியக் கைவினைகளுக்கு ஓர் அருங்காட்சியகமும் நிறுவினார். அந்த நெஞ்சுரத்துக்குத் தலைவணங்குகிறேன். அதற்காக அந்தக் குயவனின் மௌனத்துக்கு அவர் தரும் பொருளை ஏற்க முடியவில்லை.

அவர் எழுதிய கிண்ணத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 1931இல் கியோட்டோ தைதோகுஜி வளாகத்தின் கோஹோஆன் கோயிலில் கிசாஎமோன் என்ற தேநீர்க் கிண்ணத்தை அவருக்குக் காட்டினார்கள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பட்டு, அதற்குள் கிண்ணம். ஜப்பானின் தேசியச் செல்வம் அது. கொரியாவில் எளியவர் சோறு உண்ணச் செய்த சாதாரணக் கிண்ணமும் அதுவே என்பார் யானகி. ஒசாக்கா வணிகர் தகேதா கிசாஎமோன் அதை வைத்திருந்ததால் அந்தப் பெயர். அவர் நொடித்துப்போய்ப் பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்தும் கிண்ணத்தை மட்டும் விடவில்லை, கடைசியில் கொப்புளங்கள் வந்து இறந்தார் என்று கதை. பின்னர் வாங்கிய மத்சுதைரா பிரபுவுக்கும் கொப்புளம், அவர் மகனுக்கும் கொப்புளம். பயந்து கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் சாபங்களை நம்புகிறவள் அல்ல. ஆனால் சோற்றுக் கிண்ணத்தைச் சோறில்லாமல் மார்போடு அணைத்திருந்தவனின் கதையை அந்த ஊர்க்காரர்களே இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பது சும்மா இல்லை.

அதன் எதிர்முனை எங்கள் ஊர். பெரிய பெருமாளுக்கு அமுது புதிய மண்பானையில்தான். இன்றைய பானை நாளைக்கு உதவாது. நாளைக்கு வேறு பானை வரும். திருமலையிலும் வேங்கடவனுக்கு மண்கலத்தில் தயிர்சாதம் கண்டருளப் பண்ணுவார்கள். மண்ணால் பூச்செய்து அருச்சித்த குறும்பறுத்த நம்பி என்ற குயவரின் நினைவாக என்பார்கள். அந்தக் குயவருக்காவது பெயர் நிலைத்தது, எனக்கு அதில் ஓர் ஆறுதல். ஒரு வேளை பயன்பட்டுப் பிறகு இல்லாமல் போகும் அந்தப் பானையைவிடச் சேஷத்வத்துக்கு நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. யாரும் அதைப் பெட்டியில் வைக்கவில்லை, முத்திரை பார்க்கவில்லை. அதன் பிறவி நிறைவேறிவிட்டது.

அப்படியானால் சேர்ப்பதையே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். விட மாட்டேன். பரணிலும் நிலவறையிலும் தூசியோடு கிடப்பது அந்தத் தட்டுகளுக்கு உண்டான கதி அல்ல. கில்டா 1970களின் நடுவில் நின்றுபோய், 1981இல் தேமா என்ற பெயரில் கெட்டியான களிமண்ணில் மறுபடி வந்தது. பழையது இனி யாரும் செய்யப்போவதில்லை. அதை எடுத்து வந்து அடுப்படிக்குள் விடுவதுதான் என் சேகரிப்பு. மஞ்சள் தட்டில் தோசை, சதுரக் கிண்ணத்தில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும். என் வீட்டில் கண்ணாடி அலமாரி கிடையாது. படிக்க வந்து தனியறை பிடிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டிரண்டாகக் கொடுத்தும் விடுகிறேன். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் புளி விட்ட குழம்பு, ஊறுகாய், எலுமிச்சை எதுவும் அவற்றில் போடுவதில்லை. பூச்சு மயிரிழையாக வெடித்தால் உள்மண் நீரை உறிஞ்சிக் கறை ஏறும், அதன்பின் உணவே வைப்பதில்லை. அப்படி ஓய்ந்த கிண்ணங்களைத்தான் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன். பூத்தொடுக்கும் நார், திரிநூல், கோலப்பொடி என்று ஏதோ ஒன்றைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. தாங்கும்வரை சேஷம்தான்.

அம்மாவோடு இன்னும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. வெடிப்பே இல்லாத வெள்ளைக் கில்டாக் கிண்ணம் ஒன்றில் திருக்கண்ணமுது, அதாவது பாயசம், வைத்து இங்கே பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணலாமா என்று போனில் கேட்டேன்.

“ஏண்டி, எவா எவாளோ சாப்பிட்ட பாத்திரம் அது. வெண்கலம்னா புளி போட்டுத் தேச்சா சுத்தியாயிடும். மண்ணுக்குச் சுத்தி ஏது?”

“கன்னுக்குட்டி மேல இருக்கற அழுக்கைப் பசு நக்கி எடுக்கறாப்பல, நம்ம தோஷத்தையே போக்யமா ஏத்துக்கறவன்னு நீதானேம்மா சொல்லிக்கொடுத்தே?”

அம்மா சற்று நேரம் பேசவில்லை. “அது ஆத்மாவுக்குச் சொன்னதுடி. கிண்ணத்துக்குச் சொன்னாளா?”

“ரெண்டும் சேஷம்தானே?”

“உன் வாதம் நன்னாத்தான் இருக்கு. அங்க உன் அகத்துல நீ பண்ணிக்கோ. என் தளிகைக்குள்ள அது வராது” என்றாள் அம்மா. பிறகு, அந்த ஜன்னல் சந்து ஜாடியில் எவ்வளவு பால் பிடிக்கும் என்று விசாரித்தாள்.